கிறிஸ்தவப் பெண்களுக்கு நான்கு இடம்

சேசு மரி சூசை
சாந்தோம், மயிலாப்பூர்
11-2-1945

அன்புள்ள ஸ்தனிஸ்லாஸ் அண்ணனுக்குத் தங்கை லூயிசா எழுதுவது.

தேவமாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் பனி போன பிறகும் மடங்கமாட்டேன் என்கிறது. கரக்பூர் குளிரில் உங்கள் இருமல் விட்டதா?

அடுத்த மாதம் இண்டர்மீடியட் பரீட்சை. தினமும் காலேஜ் விட்டதும் அல்போன்சா வீட்டுக்குப் படிக்கப் போகிறேன். போன கிறிஸ்மஸுக்கு நீங்கள் வந்தபோது தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று உங்களோடு சண்டை பிடித்தாளே, அவள்தான். நாங்கள் படிக்கிறோம், அவள் அம்மா வெரோனிகா அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்குகிறார். படிப்பு முடிந்தாலும் கல் முடிவதில்லை. அல்போன்சா எலும்பு எலும்பாக வரைந்து தள்ளுகிறாள். சிலேட்டு போதாமல் வீட்டுச் சுவரிலும் கரியால் ஒரு விலா எலும்பு. நேற்று என்னிடம், "டாக்டருக்குப் படிக்கலேன்னா நான் எதுக்குப் பொறந்தேன்னே எனக்குத் தெரியாது லூயிசா" என்றாள்.

எனக்கும் அதே ஆசைதான் அண்ணா. நான் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவே. நம் வீட்டில் அப்பா வாத்தியார், இரண்டு அத்தைகளும் டீச்சர். ஒருத்தியாவது சாக்பீஸ் தூள் படாத கையோடு இருக்கவேண்டாமா? மெடிக்கல் காலேஜில் இடம் கிடைக்காவிட்டால் ஜூலையில் டீச்சர் டிரெயினிங் என்று அப்பா மடத்துத் தாயாரிடம் சொல்லியே வைத்துவிட்டார். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. எனக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
லூயிசா


கரக்பூர்
25-2-1945

என் அன்புத் தங்கை லூயிசாவுக்கு, ஆண்டவர் உன்னையும் அப்பாவையும் குறைவில்லாமல் காக்கட்டும்.

இருமல் போய்விட்டது. கடுகெண்ணெயில் பொரித்ததைத் தின்று தின்று அதற்கே சலித்துவிட்டதோ என்னவோ. ஆபீஸ் முடிந்தால் அறை, அறையை விட்டால் ஆபீஸ். இந்த ஊரில் நான் தமிழ் பேசுவது பெரும்பாலும் உன் கடிதத்தோடுதான். அதனால் எதையும் கிழிப்பதில்லை, எல்லாம் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.

மொத்தம் எத்தனை இடம், எத்தனை பேர் மனுப் போடுகிறார்கள் என்று தி. நகர் ஹென்றி சித்தப்பாவிடம் கேள். கோட்டை ஆபீஸில் இருப்பவருக்குத் தெரியாததா? தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பயப்படலாம்.

அல்போன்சாவைக் கேட்டதாகச் சொல். தவளை விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி, புத்தகத்தில் பார்த்துவிட்டேன்.

அண்ணன்,
ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை
சாந்தோம்
28-3-1945

அன்பு அண்ணனுக்கு,

பெரிய வாரத்தில் கவுச்சி தொடாமல் இருந்த சுத்தபோசனத்தில் அப்பா இளைத்திருக்கிறார், மற்றபடி சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன். பரீட்சை முடிந்தது. கெமிஸ்ட்ரியில் ஒரு முழுக் கேள்வி போச்சு. அழுது முடித்துவிட்டேன், நீங்கள் ஆறுதல் சொல்லவேண்டாம்.

தி. நகருக்குப் போய்ச் சித்தப்பாவைக் கேட்டேன். ஜாதிவாரியாகப் பங்கு பிரிக்கிறார்களாம். கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்த வருஷம் நான்கு இடம் தேறும் என்றார். அன்று முதல் இந்த நாலுதான் என் தலையில் ஓடுகிறது. ஆண்டவர் மன்னிக்கட்டும், குருத்தோலை ஞாயிறு பூசையில்கூட பெஞ்சு பெஞ்சாக எண்ணினேன். நம் கோவில், லஸ், பரங்கிமலை, எழும்பூர், ராயபுரம் என்று எங்கெல்லாம் ஞானத்தாய் உறவும் கல்யாண உறவும் இருக்கிறதோ அங்கெல்லாம் விசாரித்துவிட்டேன். எங்களைப் போல் சயன்ஸ் எழுதி மெடிக்கலுக்குப் போட்டியிடப் போகிற பெண்கள் ஐந்து பேர். காலேஜ் மார்க்குகளைக் கேட்டு வாங்கி வரிசைப்படுத்தினேன்:

முதல், அல்போன்சா.
அப்புறம் ராயபுரம் டாக்டர் மகள்.
அப்புறம் எழும்பூர் அக்காள், தங்கை. இரண்டும் புலி.
ஐந்தாவது நான்.

இடம் நாலு, பெண்கள் ஐந்து. பார்த்தீர்களா? இரண்டு வருஷம் ராப்பகலாகப் படித்து, ஒரே ஒரு ஆள் அதிகமாகிவிட்டேன். அந்த நாலு பேரில் ஒருத்திக்குக் காய்ச்சல் வரட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். உடனே சிலுவை போட்டுக்கொண்டேன்.

லூயிசா


கரக்பூர்
8-4-1945

அன்புள்ள லூயிசாவுக்கு ஈஸ்டர் ஆசீர்வாதம். எனக்கு ஒரு குறைவுமில்லை. அப்பாவுக்கு வேளைக்குக் கஞ்சி கொடு.

உன் கணக்கைப் பார்த்தேன். கணக்கில் தப்பு தெரியவில்லை. ஆனால் பரீட்சை மார்க்கு வரட்டும், காலேஜ் மார்க்கு மாறலாம். மனதை விடாதே.

அப்பா எழுதியிருந்தார். எனக்கு இருபத்தெட்டு முடியப்போகிறதாம், ஒரு பெண்ணைச் சொல்லு என்கிறார். அப்பாவுக்கு எழுத வெட்கம், உனக்கு எழுதுகிறேன். கிறிஸ்மஸுக்குப் பிறகு என் மனதில் இருப்பது ஒருத்திதான். ஆனால் அவள் டாக்டருக்குப் படிக்கப் போகிறவள், ரயில்வே குமாஸ்தாவோடு கரக்பூரில் வந்து கடுகெண்ணெயில் சமைக்கவா? அதனால் இதை இத்தோடு விடு. யாரிடமும் சொல்லாதே.

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை
சாந்தோம்
13-4-1945

அன்பு அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் இன்று காலை வந்தது, கையோடு எழுதுகிறேன்.

ஏன் விடவேண்டும்? உங்களுக்கு அல்போன்சாவின் மனது முழுதும் தெரியாது. படிப்பு படிப்பு என்று அவள் சொல்வதெல்லாம் வெரோனிகா அத்தை ஊட்டிய பேச்சு. அவள் அப்பாவுக்கோ ஆறு வருஷப் படிப்பு என்றாலே கிலி. அதற்குள் பெண்ணுக்கு வயது ஏறிவிடும், யார் கட்டுவான் என்று துறைமுக ஆபீஸ் முழுக்கப் புலம்புகிறாராம். அவளே இப்போதெல்லாம் முன்போல் இல்லை. பரீட்சைக்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் காது கொடுத்துக் கேட்கிறாள்.

நீங்கள் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும், அப்பா போய்ப் பேசிவிடுவார். நீங்கள் தனியாகக் கிடந்து இருமுவது எனக்குத் தாங்கவில்லை.

தங்கை,
லூயிசா


கரக்பூர்
19-4-1945

அன்புள்ள லூயிசாவுக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவும் நீயும் சுகமா?

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். சந்தோஷம் வந்தது, பின்னாலேயே ஒரு சந்தேகமும். பிப்ரவரியில் நீ எழுதியதை டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். டாக்டருக்குப் படிக்காவிட்டால் எதற்குப் பிறந்தேனென்று தெரியாது என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இரண்டு மாதத்தில் ஒரு பெண் இவ்வளவு மாறுவாளா?

நீயே அவளைத் தனியாகக் கேட்டு, அவள் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுது. படிக்க ஆசை என்றால் நான் காத்திருக்கிறேன். ஒரு வருஷமோ ஐந்து வருஷமோ எனக்கு அது பெரிதில்லை. இதையும் அவளிடம் சொல்.

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை
சாந்தோம்
29-4-1945

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும், வீட்டில் வெள்ளையடிப்பு.

கேட்டேன். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயத்தைப் பெண்கள் வார்த்தையாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள் அப்படியே எழுது என்றால் நான் எதை எழுத? அவள் அப்பாவும் நம் அப்பாவும் நேற்று பேசி முடித்துவிட்டார்கள். உங்கள் தந்தி வந்தால் மே 6, 13, 20 மூன்று ஞாயிறும் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, 30ஆம் தேதி கல்யாணம்.

லூயிசா


சேசு மரி சூசை
சாந்தோம்
17-6-1945

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

ரயிலில் அவ்வளவு சோல்ஜர்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தீர்களே, அதுவே பெரிய விஷயம். புது வீட்டில் தண்ணீர் எப்படி? இருவரும் சுகமா? சென்ட்ரலில் அல்போன்சா அழுத அழுகையைப் பற்றி அப்பா இன்னும் பேசுகிறார். எல்லாப் பெண்களும் அழுவதுதானே.

ரிசல்ட் வந்துவிட்டது. அல்போன்சாவும் நானும் முதல் வகுப்பு. எழும்பூர் தங்கையைவிட எனக்கு எட்டு மார்க்குதான் குறைவு. இடம் மார்க்கை வைத்துத்தானாம், இண்டர்வியூ கட்டாயமில்லை; இருந்தும் சித்தப்பா சொல்லிப் போய்வந்தேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் பெயரைக் கேட்டார், ஒருவர் அப்பா பெயரைக் கேட்டார், மூன்றாமவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இப்போது இடம் நாலு, பெண்கள் நாலு. மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன் அண்ணா. அப்பா மடத்துக்குப் போய் டிரெயினிங் வேண்டாம் என்று சொல்லட்டுமா என்று கேட்டார். லிஸ்ட் வரட்டும் என்றேன்.

தங்கை,
லூயிசா


கரக்பூர்
1-7-1945

அன்புள்ள லூயிசாவுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

நாங்கள் சுகம். அல்போன்சா நன்றாகச் சமைக்கிறாள், வீட்டைக் கண்ணாடியாக வைத்திருக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான். தவளைக்குச் சண்டை போட்ட பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை. சிரிக்கவைக்க நானும் எனக்குத் தெரிந்த கோமாளித்தனம் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். முதல் வகுப்பு என்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தான் போட்ட மனுவை யாராவது திரும்ப வாங்கினார்களா என்று கேட்டாள். அத்தை அப்படியே விட்டுவிட்டார் என்றேன்.

போன வாரம் திடீரென்று, "கல்யாணத்துக்கு முன்னாடி லூயிசா கடிதத்துல நான் சொன்னதா ஏதாவது வந்துச்சா?" என்றாள். இல்லை என்றேன். எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை என்று நீ எழுதியதை நம்பித்தானே நான் தந்தி கொடுத்தேன். என்ன விஷயம்? உனக்குத் தெரியுமா?

அப்பா எழுதியிருக்கிறார், மே மாதத்திலிருந்து நீ நற்கருணை வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறாயாம். உடம்பு சரியில்லையா? மறைக்காமல் எழுது.

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை
சாந்தோம்
15-7-1945

அண்ணனுக்கு,

அப்பா சுகம். என்னைக் கேட்காதீர்கள்.

நேற்று லிஸ்ட் ஒட்டினார்கள். ஹென்றி சித்தப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். கிறிஸ்தவப் பெண்கள் நாலு பேர்தான், அந்த எண்ணிக்கை சரி. முதல் இரண்டு பேரும் பாளையங்கோட்டைப் பெண்கள். மூன்றாவது பெரம்பூர் ஆங்கிலோ இந்தியப் பெண். ராயபுரம் டாக்டர் மகள் இல்லை. எழும்பூர்ப் புலிகளும் இல்லை. நாலாவது பெயரை எழுதக் கை வரவில்லை, தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

பாளையங்கோட்டைக்காரிகள் எப்படி நம் இடத்தில் வந்தார்கள் என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா நீ? கிறிஸ்தவங்கன்னா நம்ம கோவில்காரங்க மட்டுந்தான்னு உனக்கு யாரு சொன்னது? புரொட்டஸ்டண்ட்டு, சட்டைக்காரங்க எல்லாரும் அதே பங்குலதான் வராங்க. நான் தனியா சொல்லணுமா?"

யாரும் சொல்லவில்லை அண்ணா. பிறந்ததிலிருந்து நமக்கு அவர்கள் சத்திய வேதத்தை விட்டுப்போன பதிதர்கள். அவர்கள் கோவில் வாசலை மிதித்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும். அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று நாம் எந்த நாளில் எண்ணினோம்? சர்க்கார் எண்ணுகிறது. சித்தப்பா உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். நான் பதினோராவதாம். நம் கோவில்காரர்களில் வேறு ஒருத்திகூட மனுப் போடாமல் இருந்திருந்தாலும் எனக்கு இடமில்லை.

நாளை மறுநாள் டிரெயினிங்கில் சேருகிறேன்.

லூயிசா


சேசு மரி சூசை
கரக்பூர்
5-8-1945

அன்புள்ள லூயிசாவுக்கு அல்போன்சா எழுதுவது.

நான் சுகம், உன் அண்ணாவும் சுகம். மாமாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, தனியாக அனுப்புகிறேன்.

அம்மா எழுதியிருந்தார். ஜூலை 16ஆம் தேதி மெடிக்கல் காலேஜிலிருந்து என் பெயருக்கு ஒரு கவர் வந்ததாம். அப்பாவுக்குத் தெரியாமல், இங்கத்து விலாசத்தை இங்கிலீஷில் எழுதி அனுப்பச் சொல்லி உன்னிடம் கொடுத்தாராம். வந்ததா என்று கேட்கிறார். வரவில்லை லூயிசா.

அப்புறம்தான் உன் கடிதங்களைக் கேட்டேன். உன் அண்ணா டப்பாவோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒளிக்கத் தெரியாத மனுஷர். அடுக்களையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். மார்ச்சில் என் பெயருக்கு முன்னால் முதல் என்று போட்டிருக்கிறாய். ஏப்ரலில் எனக்குப் படிப்பில் ஆசையே இல்லை.

ஓலை எழுதிக் கொடுத்த அன்றைக்குக் கோவில் வாசலில் உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன். "லிஸ்ட் வர்ற வரைக்கும் பொறுக்கச் சொல்லி உங்க அண்ணாவுக்கு ஒரு வரி எழுதுடி. இடம் கெடைக்கலேன்னா நானே சந்தோஷமா கட்டிக்கறேன்." எழுதுகிறேன் என்றாய். பதில் வராததால், அவர் பொறுக்கமாட்டேன் என்றுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துத்தான் நான் பலிபீடத்தின் முன் நின்றேன். இரண்டு மாதமாக அந்தக் கோபத்தோடுதான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அவர் ஐந்து வருஷம் காத்திருக்கிறேன் என்று உனக்கு எழுதினாராமே. அதை என்னிடம் சொல்லவும் சொன்னாராம்.

அவர் இனி உனக்கு எழுதமாட்டேன் என்கிறார். நான் எழுதச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

சண்டை போட எழுதவில்லை. அந்தக் கவரை அனுப்பு. அதில் என்ன இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்கவேண்டும்.

அல்போன்சா


சாந்தோம்
9-8-1945

அல்போன்சா,

மேலே திருநாமம் போடவில்லை, போடக் கை வரவில்லை. கவர் இத்துடன் இருக்கிறது.

அத்தை கொடுத்த அன்றைக்கே ஆவியில் காட்டிப் பிரித்துவிட்டேன். லிஸ்டில் நாலாவது பெயர் உன்னுடையது. பலகையிலேயே பார்த்தேன். அண்ணன் தம்பி இல்லாத உன் வீட்டுக்கு அதைப் பார்த்துச் சொல்ல என்னைத் தவிர யாருமில்லை, நான் சொல்லவில்லை. ஜூலை 23க்குள் சர்ட்டிபிகேட்டோடு வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது 16. அன்றைக்கே தபாலில் போட்டிருந்தால் 19ஆம் தேதி உன் கையில். அண்ணா உன்னை மறுநாளே மெயிலில் ஏற்றியிருப்பார், அவரை எனக்குத் தெரியும். 21 அல்லது 22க்கு சென்ட்ரலில் வந்து இறங்கியிருப்பாய். உனக்கு நேரம் இருந்தது.

ஏன் அனுப்பவில்லை என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலில் செய்ததற்காவது ஒரு காரணம் இருந்தது, உன் இடம் எனக்கு வரும் என்று நம்பினேன். இதற்கு அதுவும் இல்லை. நீ போனாலும் இருந்தாலும் எனக்கு இடமில்லை என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கவர் வந்தது. தினமும் தபாலாபீஸ் வரைக்கும் போனேன். நீ உள்ளே போக நான் வெளியே நிற்பதைத் தாங்க முடியவில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

24ஆம் தேதி காலேஜுக்குப் போனேன். உன் இடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துப் பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா என்று சாமியார் கேட்டார். திருப்பிக் கொடுக்கிற சாமான் இல்லை சாமி என்றேன். பாவமன்னிப்புக்குக் காத்திராமல் நான் எழுந்து வந்துவிட்டேன்.

கவரில் உன் பழைய பெயரை, உன் அப்பா பெயரோடு, டைப் அடித்திருக்கிறார்கள்.

லூயிசா